கறை படிந்த பதினொரு தாள்கள்

என் பெரியம்மா இருபத்திரண்டு வருஷம் ஊராரின் அழுக்கைப் பிரித்தாள். துவைப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சலவைக்கூடத்துக்கு வருகிற மூட்டையை முதலில் ஒரு நீளமான மர மேஜையில் கொட்டுவார்கள். எது கொதிநீருக்கு, எது குளிர்ந்த நீருக்கு, எந்தக் கறைக்கு என்ன மருந்து என்று ஒருத்தி நின்று பிரிக்க வேண்டும். ரத்தத்தை வெந்நீரில் போட்டால் அது துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். எண்ணெயைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கண்ணுக்குப் பிடிபடாத கறையை முகர்ந்துதான் சொல்ல வேண்டும். பெரியம்மா முகர்ந்து சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. கூடத்தில் அவளை மோப்பக்காரி என்பார்கள்.

அந்த மேஜைக்கு என்னென்ன வரும் என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுதக் கை கூசுகிறது. மூக்கைச் சிந்தி நாலாய் மடித்த கைக்குட்டைகள். பிரித்தால் பசை காய்ந்த காகிதம் போலச் சத்தம் வரும். கழுத்து அழுக்கு கறுப்பு நாடாவாகப் படிந்த காலர்கள். வாந்தி உலர்ந்த மேஜை விரிப்பு. மேடையில் ஒழுக்கம் பேசுகிறவரின் படுக்கை விரிப்பு. எல்லாம் சனிக்கிழமைக்குள் நீலம் முக்கி, கஞ்சி போட்டு, வெள்ளை வெளேரென்று காகிதத்தில் சுற்றித் திரும்பிப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பார்கள். எதிரே சலவைக்காரி வந்தால் ஓரம் ஒதுங்குவார்கள், அவளிடமிருந்து ஏதாவது ஒட்டிவிடுமாம்.

ஒவ்வொரு வீட்டுத் துணியின் ஓரத்திலும் சிவப்பு நூலால் ஒரு எண் தைத்திருக்கும். எந்த எண் யாருடையது என்பது பெரியம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் அது கூடத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்: "துணி ஆயிரம் பேசும். நாம பேசக் கூடாது. வாய் இருக்கிறவளுக்கு இங்க வேலை இல்ல." பெரியம்மா தன் கூடப்பிறந்த தங்கையிடம்கூட ஒரு எண்ணைச் சொன்னதில்லை. அந்தத் தங்கைதான் என் அம்மா. நான் சொல்லப்போவது நடந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீடு. பெரியம்மா வேலைக்குப் போனால் அடுப்பு எரியும். அம்மாவின் படிப்பும் அந்த அடுப்பில்தான் வெந்தது.

பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம். நகரமன்றத்தில் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரும் ஆண்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஆண்கள். பெரியம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிழியும் உருளையில் ஒரு கை போகும்வரைக்கும்.

துவைத்த துணியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிவார்கள். அங்கே நின்ற ஒரு சின்னப்பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தனக்கு 'மூணு விரல்' என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். "மத்தவளுங்க வெக்கிறதுக்கு முன்னாடி நானே முந்திக்கிட்டேன்" என்று சிரிப்பாள். உருளைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருந்திருந்தால் விரல் போயிருக்காது. எல்லாச் சலவைக்கூடத்திலும் தடுப்பு வைக்க வேண்டும் என்று நகரமன்றத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் பேச்செடுத்தார். உறுப்பினர்களில் ஒருவரான மரக்கடைக்காரர் எழுந்தார். "பொம்பளைங்க வாயை மூடிக்கிட்டு வேலை செஞ்சா விரல் ஏன் போகுது? தடுப்பை அவங்க வாயில மாட்டுங்க" என்றார். தீர்மானம் விழுந்தது. செய்தித்தாளில் அவர் பேச்சுக்குப் பக்கத்தில் 'பலத்த சிரிப்பு' என்று போட்டிருந்தது. என் அம்மா அதை வாசித்துக்காட்டினாள்.

அந்த வாரம் மரக்கடைக்காரர் வீட்டு மூட்டை வந்தபோது, மூக்குப்பொடி அப்பிய அவருடைய கைக்குட்டைகளைப் பெரியம்மா குச்சியால் எடுத்துத் தொட்டியில் போட்டாள். "அதுவரைக்கும் எனக்கு அழுக்கு வெறும் அழுக்குதான்டா. அன்னிக்குத்தான் கொமட்டிச்சு" என்றாள் என்னிடம்.

ஊரில் மாதர் வாக்குரிமைச் சங்கம் ஒன்று இருந்தது. தலைவி, வக்கீலின் மனைவி. இரண்டாயிரம் பெண்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் நகரமன்றம் அதை விவாதத்துக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், சங்கத்தார் கையெழுத்து சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவும் மூணு விரலும் ஒரு மத்தியானம் வக்கீல் வீட்டுக்குப் போய்ப் பின்கட்டில் நின்றார்கள். தலைவியம்மாள் நல்லவிதமாகவே பேசினாளாம். பதினொரு தாள் கொடுத்தாள். தாளுக்கு இருபது கோடு. "சுத்தமா வெச்சுக்கோங்கம்மா" என்று மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தெருவில் நாலு சலவைக்கூடங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரவர் பெயரை மட்டும் என் அம்மா சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரம் ஆனது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெரியம்மா தினம் ஒரு வெளுத்த துண்டைத் தொங்கவிடுவாள். கையைத் துடைத்து, இஸ்திரி அடுப்பின் சூட்டில் காட்டி, அவளிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டின பிறகுதான் பேனா. எட்டு மணி நேரம் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறிய கைகள் அவை. ரேகைகூடத் தேய்ந்து, வெளுத்து, தோல் உரிந்து கிடக்கும்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி இப்பிடிக் கையைப் பாக்கிறியே, அக்கா" என்பாள் ஒருத்தி.

"பேசாம காட்டுடி."

"சரி, ஓட்டு கெடச்சா யாருக்குப் போடறது? எல்லாப் பயலோட துணியும் பாத்தாச்சே!"

"அழுக்குல எவன் கொறச்சலோ அவனுக்கு."

"அப்ப ஒருத்தனும் தேறமாட்டான், போ."

இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. மூணு விரல் இடது கையால் போட்டாள். அவள் பெயர் கோட்டைவிட்டு இறங்கி அடுத்த வரியில் கால் வைத்தது. தாள்களில் ஒரு துளி மை தெறிக்கவில்லை. பெரியம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். சங்கத்துக்கு மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தொன்று சேர்ந்தது.

மனு நகரமன்ற அலுவலகத்தில் இரண்டு வாரம் கிடந்தது. அப்புறம் தலைவியம்மாள் ஆள் அனுப்பினாள்.

பெரியம்மா போனபோது அந்தப் பதினொரு தாளும் மேஜையில் கிடந்தன. தலைமை எழுத்தர் திருப்பி அனுப்பியிருந்தார். அழுக்கடைந்த தாளை மனுவாக ஏற்க முடியாது என்று விதி இருக்கிறதாம். சலவைத் தொழிலாளிகளின் அசுத்தமான கைகளால் தாள்கள் பாழாகியிருக்கின்றன என்று குறிப்பு எழுதியிருந்தார். இந்தத் தாள்களைக் கழித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. மனுவே செல்லாது.

"நான் அப்பவே சொன்னேனேம்மா, சுத்தமா வெச்சுக்கோங்கன்னு" என்றாள் தலைவியம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. அதைவிடக் கேவலமான ஒரு பொறுமை இருந்தது. "பரவாயில்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை ஆட்சேபணை கேக்கிறாங்க, நான் போகல. இதை எடுத்துக்கிட்டுப் போயி எதைன்னு வாதாடறது?"

பெரியம்மா முதல் தாளை எடுத்தாள். நடுவில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டக் கறை, அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வழிசல். இரண்டாவது தாளில் அதே வட்டம் கொஞ்சம் சின்னதாக. மூன்றாவதில் இன்னும் சின்னது. ஐந்தாவதில் பொட்டளவு. அடுத்த மூன்று தாள் சுத்தம். கடைசி மூன்றின் ஓரங்களில் பழுப்பாக விரல் தேய்த்த தடங்கள். அவள் முதல் தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

தலைவியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "ஐயே, என்னம்மா பண்றே?"

பெரியம்மா தாளைக் கீழே வைத்தாள். கிராம்பு வாசனைத் தைலம். அந்த ஊரில் கிராம்புத் தைலம் தேய்க்கிற தலை ஒன்றுதான். எண் அறுபத்து மூன்று. தலைமை எழுத்தர். அவருடைய தலையணை உறையைப் பதினொரு வருஷமாக வாரம் தவறாமல் அவள் கொதிக்க வைத்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தாள்களை அடுக்கி, அதன்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறார். அந்த மஞ்சள் வழிசல் அவருடைய கடைவாய் எச்சில். இருநூற்றுப் பதினாலு பெண்கள் கையை அடுப்பில் உலர்த்தி எழுதிய பெயர்களின்மேல் ஒரு மனிதன் எச்சில் ஒழுகத் தூங்கி எழுந்து, 'அசுத்தமான கைகள்' என்று எழுதியிருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை போலாம்மா" என்றாள் பெரியம்மா. "நான் வர்றேன். நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன்."

புதன்கிழமை அறுபத்து மூன்றாம் எண் மூட்டை வந்தது. பெரியம்மா அதிலிருந்து தலையணை உறையை மட்டும் துவைக்கப் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துவைத்தாள். மூணு விரல் பார்த்துவிட்டாள்.

"அக்கா, வேண்டாம். வெளிய சொன்னா மொதலாளி உன்னை நிறுத்திடுவாரு. தங்கச்சி படிப்பு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியா?"

"நீ எடது கையால எழுதினேடி" என்றாள் பெரியம்மா. "அது மேல எச்சி வடிச்சிருக்கான்."

வியாழன் இரவு அவள் தூங்கவில்லை என்று அம்மா சொல்வாள். எழுந்து எழுந்து கையைக் கழுவினாளாம்.

மன்றத்தின் கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: நடுவில் மன்றத் தலைவர், ஒரு பக்கம் மரக்கடைக்காரர், இன்னொரு பக்கம் கடைசிவரைக்கும் வாயே திறக்காத ஓர் உறுப்பினர். தலைமை எழுத்தர் நின்றுகொண்டிருந்தார், தலை பளபளவென்று. பெரியம்மாவோடு வந்த தலைவியம்மாள் கதவோரமாக உட்கார்ந்தாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பெரியம்மாவுக்கு அந்த அறைக்குள் நுழைந்ததுமே ஒரு வாரத்து மூட்டையைப் பிரித்த மாதிரி இருந்ததாம்.

தலைமை எழுத்தர் தாள்களை விரல் நுனியால் தூக்கிக் காட்டினார். "பாருங்க ஐயா. இதைத் தொடவே கூசுது. இவங்க கை எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?"

பெரியம்மா தன் இரண்டு கையையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். "பாத்துக்கங்க. இந்தக் கையில எண்ணெய் நிக்குமா? சோடாவில தோலே நிக்க மாட்டேங்குது. தாள்ல இருக்கிறது எண்ணெய்க் கறை, ஐயா. தலையில தேய்க்கிற எண்ணெய். மேல் தாள்ல பெரிசு, அடுத்ததுல சின்னது, அஞ்சாவதுல பொட்டு. அடுக்கி வெச்சு அது மேல படுத்தாத்தான் இப்படி எறங்கும்."

"யாரு படுத்தா?" என்றார் தலைவர்.

பெரியம்மா காகிதத்தைப் பிரித்து உறையை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் விரித்தாள். அதே வட்டம். அதே மஞ்சள் வழிசல். அதே வாசனை. ஓரத்தில் சிவப்பு நூலில் 63.

"இது உங்க எழுத்தர் வீட்டுத் தலகாணி. இதுக்கு மேல நான் என்ன சொல்றது? மோந்து பாத்துக்கங்க."

யாரும் முகரவில்லை. அவசியமும் இல்லை, அறையே மணத்தது.

"பொய்!" என்றார் தலைமை எழுத்தர். "கிராம்புத் தைலம் ஊர்ல யாரும் போடலாம்."

"கிராம்புன்னு நான் சொல்லவே இல்லீங்களே" என்றாள் பெரியம்மா.

மன்றத் தலைவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். மரக்கடைக்காரர் மட்டும் மேஜையைத் தட்டினார். "சரி, எண்ணெய் போகட்டும். கடைசி மூணு தாள்ல இந்தப் பழுப்பு? அதுவும் எழுத்தரோட தலையா?"

"அது மூக்குப்பொடிங்க" என்றாள் பெரியம்மா. "பொடி போட்டுட்டு வெரலைத் தாளோட ஓரத்துல தொடச்சிருக்காங்க. எடது கைப் பெருவெரல். உங்க கைக்குட்டையில எடது மூலைதான் எப்பவும் பழுப்பு. உங்களுக்கும் மனுவைப் பாக்க அனுப்பியிருப்பாங்கன்னு நெனக்கிறேன்."

மரக்கடைக்காரரின் இடது கை மேஜைக்கு அடியில் போயிற்று.

தலைவர் பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும்?"

"மன்றத்துத் துணி பாதிக்கு மேல எங்க கூடத்துக்குத்தான் வருது, ஐயா. ஒண்ணொண்ணா சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வாயே திறக்காத உறுப்பினர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

பதினொரு தாளும் ஏற்கப்பட்டன. மனு நின்றது.

வாசலுக்கு வந்ததும் தலைவியம்மாள் தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று பெரியம்மா எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தையாவது எதிர்பார்த்தாள். தலைவியம்மாள் இரண்டடி தள்ளியே நடந்தாள். கையிலிருந்த கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். வண்டியில் ஏறும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்: "எங்க வீட்டுத் துணியும் நீதான் பிரிக்கிறியாம்மா?"

"ஆமாங்க. இருபத்தேழு."

அன்று சாயங்காலமே வக்கீல் வீட்டு வேலைக்காரி வந்து இருபத்தேழாம் எண் மூட்டையைத் துவைக்காமலே திருப்பி வாங்கிப் போனாள். மறுநாள் மரக்கடைக்காரர் வீட்டு மூட்டை. அப்புறம் மன்றத் தலைவர் வீடு. திங்கட்கிழமை முதலாளி பெரியம்மாவைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நான் சொன்ன ஒரே ஒரு விஷயம்" என்றார். கூடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அவள் போகும்போது தலை நிமிரவில்லை. மூட்டை குறைந்தால் அவர்கள் வேலைக்கும் ஆபத்து. அவர்களைப் பெரியம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

பெரியம்மா ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைக்கிற வேலைக்குப் போனாள். அந்த மேஜைக்கு வருவதைப் பற்றி எழுதவே போவதில்லை. "அது தேவலடா. அங்க வர்றது நோவு" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மாதம் விவாதம் நடந்தது. பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஊரே பேசிற்று. தலைவியம்மாளுக்கு மாலை போட்டார்கள். மூணு விரல் செய்தித்தாளோடு ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு ஓடி வந்தாள். அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்க வரும்.

"அக்கா, சொந்த வீடு இருக்கிற பொம்பளைக்கு உண்டாம். எட்டாவது பாஸ் பண்ணினவங்களுக்கு உண்டாம்."

"நமக்கு?"

மூணு விரல் மறுபடி வாசித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "நம்மளைப் பத்தி ஒண்ணும் போடல."

என் அம்மா அந்த வருஷம்தான் எட்டாவது முடித்தாள். வயது வந்தால் அவளுக்குக் கிடைக்கும். படிக்கவைத்தவளுக்குக் கிடையாது.

பெரியம்மா தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வக்கீல் வீட்டுக்கு நடந்தாள். மூணு விரல் பின்னாலேயே ஓடினாள். பின்கட்டுக்குப் போகவில்லை. முன்வாசலில் ஏறி, பாராட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்த கூடத்துக்குள்ளேயே போய் நின்றாள். முப்பது பெண்கள். முப்பது கஞ்சி போட்ட மேல்சட்டை. பேச்சு நின்றது.

"எங்க பதினொரு தாளைத் திருப்பிக் குடுங்கம்மா" என்றாள் பெரியம்மா.

"அது மன்றத்துல இருக்கும்மா. இப்ப எதுக்கு?"

"எண்ணிக்கைக்கு எங்க கை வேணும். ஓட்டுக்கு எங்க கை அழுக்கா? எங்க பேரை உங்க கணக்கில வெச்சுக்காதீங்க. அசிங்கமா இருக்கு."

தலைவியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "படிப்படியாத்தான் எதுவும் நடக்கும். நாங்க ஒத்துக்கலன்னா இதுவும் கெடச்சிருக்காது. அடுத்த தடவை உங்களுக்காகவும் நாங்க கேப்போம்."

"அப்ப ஒத்துக்கிட்டீங்க."

வீட்டு உரிமை அல்லது எட்டாவது வகுப்பு வேண்டும் என்று மன்றம் நிபந்தனை கேட்டது. சங்கம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பல வருஷம் கழித்துச் சங்கம் போட்ட ஆண்டுவிழா மலரில் இதற்கு 'முதிர்ச்சியான விட்டுக்கொடுத்தல்' என்று பெயர். அந்த மலரை நான் நூலகத்தில் வாசித்தேன். மேலே வாசிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டேன்.

சுவரோர மேஜையில் மிச்சமிருந்த மனுத் தாள்கள், கோடு போட்டு அச்சடித்தவை, ஒரு கட்டாக இருந்தன. பெரியம்மா போய் அதை எடுத்தாள். முப்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சங்கத்தின் சொத்து என்று யாரும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று ஒவ்வொருத்தியும் தன் சட்டைக்குள்ளேயே சுருங்கி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா தாள்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் ஒரு மூடிய கடையின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூணு விரல் முதல் தாளை மடியில் வைத்து எழுத்துக் கூட்டினாள். "மாண்புமிகு... மன்றத்தாரின்... திருவடிகளில்... பணிவுடன் இறைஞ்சி..."

"என்னது?"

"அச்சுல அப்படித்தான் இருக்குக்கா. எல்லாத் தாள்லயும்."

"அதைக் கோடு போட்டு அடி."

"அடிச்சா தாள் அசிங்கமாயிடுமே. அதையே சாக்கா வெச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஆகட்டும். மறுபடி போவோம். அடி" என்றாள் பெரியம்மா.

மூணு விரல் இடது கையில் பென்சிலை அழுத்திப் பிடித்து அடித்தாள். தாள் கிழியாமல் பெரியம்மா ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டாவது தாள்.